சிங்காநல்லூர் பக்கம் பழைய மில் ஷெட்ல ஒரு கோ-ஒர்க்கிங் ஆபீஸ்: என்னோட ரிவ்யூ

கோயம்புத்தூர்ல சின்ன டீமுக்கு ஆபீஸ் இடம் தேடுறவங்களுக்காக இத எழுதுறேன். சிங்காநல்லூர் பக்கம் ரொம்ப வருஷமா மூடிக் கிடந்த ஒரு ஸ்பின்னிங் மில்லோட ஷெட்ட எடுத்து கோ-ஒர்க்கிங் ஆபீஸா (பல கம்பெனிக்காரங்க சீட்டு வாடகைக்கு எடுத்து ஒரே இடத்துல வேலை பாக்குற ஆபீஸ்) மாத்தியிருக்காங்க. எங்க டீம் (மில்லுங்களுக்கு ஸ்டாக், உற்பத்தி கணக்கு பாக்குற சாப்ட்வேர் பண்றோம், பத்து பேருக்குள்ள தான்) ஒரு வருஷத்துக்கு மேல அங்க உக்காந்து தான் வேலை பாக்குது, அதனால மே மாச வெயில், ஜூலை சாரல், ஐப்பசி மழைன்னு எல்லாத்தையும் பாத்துட்டு தான் சொல்றேன். குறையும் எழுதப் போறதால இடத்தோட பேரு போடல. சுருக்கமா கேட்டீங்கன்னா கட்டடம் அருமைங்க, கூரைக்கும் ஃபயர் சேஃப்டிக்கும் மனசு வெச்சு செலவு பண்ணியிருக்காங்க, ஆனா சுவரே இல்லாம எல்லாரும் ஒரே ஹால்ல உக்காந்தா தானா பேசிப் பழகிருவாங்கன்னு அளவுக்கு மேல நம்பிட்டாங்க, அந்த ஒரு விஷயத்துல தான் எனக்கு அவங்களோட ஒத்துப் போகல.

நம்ம ஊர்ல இந்த மாதிரி ஷெட்டுக்கு பஞ்சமே இல்ல. 1888ல ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் மில்ல ஆரம்பிச்சதுல இருந்து, 1910ல லட்சுமி மில்ஸ், அப்புறம் 1930கள்ல நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்து கரண்ட் வந்ததும் பீளமேடு, உப்பிலிபாளையம், சிங்காநல்லூர்னு வரிசையா மில்லு தான். மில் சங்கு ஊதுறத வெச்சு தான் வீட்டுல உலை வெப்பாங்கன்னு எங்க வீட்டுல பெரியவங்க இப்பவும் சொல்லுவாங்க. அதுல நிறைய இப்ப அபார்ட்மென்ட், கல்யாண மண்டபம், கார் ஷோரூம். மத்திய அரசோட என்டிசி (நேஷனல் டெக்ஸ்டைல் கார்ப்பரேஷன்) மில்லுங்களயும் 2020 மார்ச் லாக்டவுன்ல நிறுத்திட்டாங்க. அதனால இடிக்காம ஒரு ஷெட்ட அப்படியே வெச்சு உள்ள வேலை நடக்குற மாதிரி பண்ணியிருக்காங்கன்னு கேள்விப்பட்டதுமே எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, முதல்ல அதுக்காகவே தான் போய் பாத்தேன்.

உள்ள நுழைஞ்சதும் முதல்ல கண்ணுக்குப் படுறது வெளிச்சம். பழைய மில்லுங்கள்ல கூரை ரம்பப் பல்லு மாதிரி ஏறி இறங்கி இருக்கும் பாருங்க, மில்லுக்காரங்க நார்த் லைட் கூரைன்னு சொல்லுவாங்க, ஒவ்வொரு பல்லோட செங்குத்தான பக்கமும் கண்ணாடி போட்டு வடக்க பாத்து இருக்கும், சாய்ஞ்ச பக்கம் தெக்க பாத்து மூடியிருக்கும். நூலு அறுந்தா சைடர் (மெஷின பாத்துக்குற தொழிலாளி) கண்ணுக்கு உடனே தெரியணும், அதே சமயம் வெயில் நேரா மெஷின் மேல விழக் கூடாது, அதுக்காக பண்ணின டிசைன் இது. அந்த வெளிச்சம் கம்ப்யூட்டர் வேலைக்கும் அவ்வளவு பொருத்தமா இருக்கு. காலைல பத்து மணில இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் லைட்டே போடறதில்ல. மில்லு ஓடின கடைசி காலத்துல ஈரப்பதம் வெளிய போகக் கூடாதுன்னு ஃபால்ஸ் சீலிங் அடிச்சு அந்தக் கண்ணாடிய மொத்தமா மறைச்சிருந்தாங்களாம், இவங்க அத பிரிச்சு எடுத்துட்டு கண்ணாடிய புதுசா மாத்தியிருக்காங்க. இந்த ஒரு முடிவுக்கே முழு மார்க் குடுக்கலாம்.

ஆனா இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, வாடகைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்குங்க. இந்தக் கூரை இங்கிலாந்துல, மான்செஸ்டர் பக்கத்துல இருந்து வந்த டிசைன், அங்க உச்சி வெயில் எப்பவுமே தெக்கால தான் இருக்கும், வடக்கு கண்ணாடி வழியா மத்தியானத்துல வெயில் இறங்கவே இறங்காது. நம்ம ஊரு பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி வடக்க தான் இருக்கு, அதனால ஏப்ரல் மூணாவது வாரத்துல இருந்து ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும் உச்சி சூரியன் நம்ம தலைக்கு கொஞ்சம் வடக்கால நிக்கும், அப்ப மத்தியானம் அந்தக் கண்ணாடி வழியா நேரா வெயில் பட்டையா இறங்குது. மே மாசம் இது நல்லாவே தெரியும், ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாம டேபிள நகத்தி நகத்தி உக்காந்தோம். ஜூன் பிறந்து பாலக்காட்டு கணவாய் வழியா மேகம் வந்துட்டா பிரச்சனை தானா கொறைஞ்சிரும். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் ஒரு அடி அகலத்துக்கு தகடு நீட்டி விட்டா போதும், இல்லாட்டி பழைய மில்லுங்கள்ல அடிக்கிற மாதிரி வெயில் காலத்துக்கு மட்டும் கண்ணாடில சுண்ணாம்பு அடிச்சு விடலாம், மேனேஜ்மென்ட்ல சொல்லியிருக்கேன், பாக்குறோம்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் மே மாசத்துல கண்ணாடிக்கு நேர் கீழ இருக்குற டேபிள எடுக்காதீங்க, தூண் வரிசைய ஒட்டி இருக்குற சீட்டு தான் நல்லது.

கூரை விஷயத்துல அவங்க பண்ணின வேலைய பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா போட்டோல தெரியாத செலவு இது தான், நிறைய பேரு இங்க தான் மிச்சம் புடிப்பாங்க. முன்னாடி இருந்தது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. நம்ம நாட்டுல வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு இன்னும் தடை இல்ல, ஆனா அத அறுத்தாலோ ட்ரில் போட்டாலோ உடைச்சாலோ பறக்குற தூசி நுரையீரலுக்குள்ள போய் தங்கிட்டா பல வருஷம் கழிச்சு கேன்சர் வரைக்கும் கொண்டு போகும். சில இடத்துல அதுக்கு மேலயே பெயின்ட் அடிச்சு, கீழ ஜிப்சம் போர்டு மறைச்சு, அதுல ஏசி குழாய்க்கு ஓட்டை போட்டு ஓட்டிருவாங்க. இவங்க ஷீட்ட தண்ணி தெளிச்சு நனைச்சு, போல்ட்ட கழட்டி உடையாம முழுசா இறக்கி, கவர்ல சுத்தி அனுப்பியிருக்காங்க, அந்த வேலை நடந்தப்ப எடுத்த போட்டோ எல்லாம் ரிசப்ஷன்ல மாட்டி வெச்சிருக்காங்க, மாஸ்க் போட்டு ஆளுங்க நிக்கிறது தெளிவா தெரியும். அப்புறம் புதுக் கூரைக்கு நம்ம ஊர்ல எல்லாரும் போடுற பஃப் பேனல் போடாம ராக்வூல் வெச்ச பேனல் போட்டிருக்காங்க. பஃப் விலை கம்மி, வெயிட் கம்மி, சூட்ட நல்லாவே தடுக்கும், ஆனா உள்ள இருக்குறது ஃபோம், தீப்பிடிச்சா எரியும், புகையும் மோசமான புகை. ராக்வூல் கல்ல உருக்கி இழையாக்கினது, எரியாது. கனம் ஜாஸ்தி, அதனால பழைய ஸ்டீல் ட்ரஸ்ல (கூரைய தாங்குற இரும்புச் சட்டம்) சில இடத்துல தாங்கு குடுத்து வலுப்படுத்த வேண்டி வந்திருக்கு, அந்த புது இரும்பு மட்டும் வேற கலர்ல தெரியும், மறைக்கல, எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.

ஏன் இத இவ்வளவு சொல்றேன்னா, பழைய மில்ல ஆபீஸா மாத்துறவங்க எல்லாரும் மும்பை கமலா மில்ஸ மறக்கக் கூடாதுங்க. அதுவும் இதே மாதிரி பழைய மில் காம்பவுண்டு தான், ஆபீஸு, ரெஸ்டாரன்ட், பப்புன்னு நெருக்கி நெருக்கி மாத்தியிருந்தாங்க, 2017 டிசம்பர் 28 ராத்திரி, 29 பிறந்த கொஞ்ச நேரத்துல, மொட்டை மாடி பப்புல தீ புடிச்சு 14 பேரு செத்தாங்க, நிறைய பேரு வெளிய போற வழி தெரியாம டாய்லெட்டுக்குள்ள ஒதுங்கி புகைல மூச்சு முட்டி போய்ட்டாங்க. மில் ஷெட்டு இயல்பாவே அகலம் ஜாஸ்தி, நடு ஹால்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு வாசல் தூரம், அதுல தடுப்பு, சோபா, செடின்னு வெச்சு வழிய அடைச்சுட்டா அவ்வளவு தான். இங்க நாலு பக்கமும் வெளிய திறக்குற கதவு இருக்கு, எந்த சீட்டுல இருந்து பாத்தாலும் பச்சை எக்ஸிட் போர்டு ஒண்ணாவது தெரியுது, நடை பாதைய மஞ்சக் கோடு போட்டு விட்டிருக்காங்க, அந்தக் கோட்டுக்குள்ள யாரு நாற்காலி போட்டாலும் செக்யூரிட்டி அண்ணன் வந்து எடுத்துருவாரு. ஃபயர் ட்ரில்லும் நடத்துறாங்க, சும்மா கையெழுத்து வாங்குறது இல்ல, நெஜமாவே எல்லாரையும் வெளிய நிக்க வெச்சு எண்ணுறாங்க. இடம் பாக்கப் போறவங்க ஃபயர் என்ஓசிய (தீயணைப்புத் துறை குடுக்குற தடையில்லாச் சான்று) காட்டச் சொல்லி கேளுங்க, தயங்காம காட்டுவாங்க, வேற எங்க போனாலும் இதையே கேளுங்க.

சூடு எப்படின்னு எல்லாரும் கேக்குறாங்க. கூரை இருபது அடிக்கு மேல, அந்த மொத்த உயரத்தையும் ஏசி போட்டு குளுப்பாட்டினா கரண்ட் பில்லு கட்டி முடியாது. இவங்க ஹாலுக்கு ஏசி போடல. மேல பெரிய சைஸ் ஃபேன் மெதுவா சுத்துது, வெளிய இருந்து தண்ணி கூலர் காத்த டக்ட் (காத்துக் குழாய்) வழியா உள்ள தள்ளுறாங்க, மீட்டிங் ரூமுக்கும் போன் ரூமுக்கும் மட்டும் ஸ்ப்ளிட் ஏசி. எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், மில்லுல ஈரக் காத்து சுத்தி வர்றதுக்காக தரைக்கு அடியில ஆள் குனிஞ்சு போற அளவுக்கு ட்ரெஞ்ச் வெட்டியிருப்பாங்க, அத மூடாம அப்படியே டக்டுக்கும் கேபிளுக்கும் உபயோகப்படுத்தியிருக்காங்க. அதனால தரைல எங்கயும் வயரு கிடக்காது, எந்த டேபிளுக்கு வேணும்னாலும் பக்கத்து மூடியத் திறந்து லைன் எடுத்துக்கலாம். மார்ச், ஏப்ரல்ல காத்து வறண்டு இருக்குறப்ப கூலர் நல்லாவே வேலை செய்யுது, ஐப்பசி, கார்த்திகைல மழை பெய்யுறப்ப காத்துல ஏற்கனவே ஈரம் இருக்குறதால கூலரால பிரயோஜனம் இல்ல, ஃபேன் மட்டும் தான், ஆனா அப்ப நம்ம ஊரு குளுகுளுன்னு இருக்குறதால யாருக்கும் கஷ்டம் தெரியல. மே மாசம் ரெண்டுல இருந்து நாலு மணி வரைக்கும் கஷ்டம் தான், மறைக்க மாட்டேன். முழு ஏசில உக்காந்து பழகினவங்களுக்கு செட் ஆகாது.

இனி சத்தம். இங்க தான் எனக்கு உண்மையான வருத்தம். செங்கல் சுவரு, சிமென்ட் தரை, கண்ணாடி, தகரம், எல்லாமே சத்தத்த திருப்பி அடிக்கிற பொருள், அதுல இவ்வளவு உயரம் வேற. நாங்க சேந்த புதுசுல யாராவது ஒருத்தர் போன்ல பேசினா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி மொத்த ஹாலுக்கும் கேக்கும், யாரு சம்பளம் பேசுறாங்க, யாரு கிளையன்ட்கிட்ட திட்டு வாங்குறாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். மில்லு காலத்துல ரிங் ஃப்ரேம் (நூல் நூக்குற மெஷின்) சத்தத்துல மனுஷங்க சைகைல தான் பேசிக்குவாங்க, அங்க எக்கோ ஒரு பிரச்சனையாவே இருந்திருக்காது, ஆபீஸுக்கு அது தான் முதல் பிரச்சனை, அத டிசைன் போடுறப்பவே யோசிச்சிருக்கணும். எல்லாரும் சேந்து புகார் பண்ணினதுக்கு அப்புறம் பஞ்சுக் கழிவ அழுத்திப் பண்ணின பலகைய (எரியாம இருக்க ட்ரீட்மென்ட் பண்ணினது, அதையும் கேட்டுக்கிட்டேன்) ட்ரஸ்ல இருந்து வரிசையா தொங்க விட்டாங்க, பாதி ஹாலுக்கு கார்பெட் போட்டாங்க. இப்ப நல்ல வித்தியாசம் தெரியுது. ஆனா மேற்குப் பக்கம் மூணு வரிசைக்கு இன்னும் போடல, அந்தப் பக்கம் சீட்டு குடுத்தா வேண்டாம்னு சொல்லிருங்க.

பலகைய விட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. ஹால்ல தடுப்பே இல்லாம நீள நீளமா டேபிள் போட்டு, பல கம்பெனி ஆளுங்கள கலந்து உக்கார வெச்சா ஐடியா பறக்கும்னு விளம்பரத்துல போடுறாங்க. நடக்குறது அப்படி இல்லைங்க. ஹார்வர்டுல பெர்ன்ஸ்டீனும் டர்பனும் 2018ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, தடுப்பு வெச்ச ஆபீஸ்ல இருந்து திறந்த ஆபீஸுக்கு மாறின ரெண்டு கம்பெனில ஆளுங்களோட கழுத்துல சென்சார் மாட்டி விட்டு அளந்து பாத்தாங்க, நேருக்கு நேர் பேசுறது கிட்டத்தட்ட 70 சதவீதம் கொறைஞ்சு போச்சு, ஈமெயிலும் மெசேஜும் ஏறிருச்சு. எங்க டீம்லயே அத கண்ணால பாத்தேன். பழைய ஆபீஸ்ல ஒரு ரூம்ல அடைஞ்சு உக்காந்து நாள் முழுக்க சத்தமா வாக்குவாதம் பண்ணிட்டு இருந்த பசங்க இங்க வந்ததும் பக்கத்து கம்பெனிக்காரங்களுக்கு தொந்தரவா இருக்கும்னு ஹெட்போன மாட்டிட்டு பக்கத்து சீட்டுல இருக்குறவனுக்கே சாட்ல மெசேஜ் போட ஆரம்பிச்சுட்டாங்க. பேச்சு வரணும்னா முதல்ல பேசுறதுக்கு ஒரு கூச்சமில்லாத இடம் வேணும், மூணு பக்கம் சுவரு இருக்குற சின்ன அறை போதும், அதுக்கு வெளிய பொதுவா ஒரு இடம் இருக்கட்டும். பாரிஸ்ல ஸ்டேஷன் எஃப்னு ஒண்ணு இருக்கு, 1920கள்ல ஃப்ரெய்சினேங்கிற இன்ஜினியர் கட்டின சரக்கு ரயில் கொட்டகை, 310 மீட்டர் நீளம், 2017ல ஸ்டார்ட்அப்புங்களுக்கான இடமா திறந்தாங்க, அவ்வளவு பெரிய கொட்டகைய அவங்க கூட ஒரே ஹாலா விடல, எல்லாரும் வரலாம்ங்கிற பகுதி, வேலை பாக்குற பகுதி, சாப்பிடுற பகுதின்னு மூணா பிரிச்சு, உள்ளயே பெட்டி பெட்டியா மீட்டிங் ரூம் வெச்சாங்க. இங்க அந்த உயரத்துக்கு நடுவுல ஒரு மரத் தளம் போட்டா கூட கீழ பத்து சின்ன ரூம் கிடைக்கும். இப்ப இருக்குற மீட்டிங் ரூம் மூணு, போன் ரூம் நாலு, அதுக்கு தினமும் அடிதடி, ரெண்டு நாளைக்கு முன்னாடியே புக் பண்ணலேன்னா கிடைக்காது.

ஒரு நிஜமான கலப்பு எங்க நடக்குதுன்னா கேண்டீன்ல தான். பழைய ப்ளோ ரூம் (பஞ்சு மூட்டைய பிரிச்சு சுத்தம் பண்ற இடம்) இருந்த சின்ன கட்டடத்த கேண்டீனா மாத்தியிருக்காங்க, கூரை தாழ்வு, மர பெஞ்சு, வெளிய ஒரு வேப்ப மரம். சாயங்காலம் டீ நேரத்துல அங்க நின்னு தான் பம்புக்கு கன்ட்ரோலர் பண்ற ஒரு டீம்கூட பழக்கமாகி, இப்ப அவங்களும் நாங்களும் ஒரு வேலைய சேந்து பண்றோம். டீ நல்லா இருக்கும், மத்தியானச் சாப்பாடு சுமார், அரிசிம்பருப்பு சாதம் போடுற அன்னைக்கு மட்டும் தவற விடாதீங்க. கேட்டுக்கு எதிர்ல ரோட்டோரம் காளான் கடையும் இருக்கு.

சுவரப் பத்தி ஒரு விஷயம், இது அவங்களுக்கும் போய்ச் சேரணும்னு தான் எழுதுறேன். தெக்குச் சுவருல சுண்ணாம்புப் பூச்ச கொத்தி எடுத்துட்டு செங்கல் தெரியுற மாதிரி விட்டு பளபளன்னு வார்னிஷ் அடிச்சிருக்காங்க, போட்டோக்கு அழகா இருக்கு. ஆனா அந்தக் காலத்து செங்கல் பூசுறதுக்காகவே சுட்டது, மெத்துன்னு இருக்கும், பூச்சு தான் அதுக்கு தோலு. அத உரிச்சு எடுத்தா மழைத் தண்ணிய குடிக்கும், மேல வார்னிஷ் அடிச்சதால குடிச்ச ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே நின்னு உப்பு பூத்து பொடிப் பொடியா உதிருது. ஆடி மாசச் சாரலுக்கு அப்புறம் சுவரோரம் இருக்குற டேபிள்ல தினமும் செம்மண் நிறத்துல தூசி துடைக்க வேண்டியிருக்கு. வார்னிஷ சுரண்டிட்டு திரும்ப சுண்ணாம்பு பூசுங்க, சிமென்ட் பூசாதீங்க. வடக்குச் சுவருல பழைய பூச்ச அப்படியே விட்டிருக்காங்க, இத்தன வருஷம் ஆகியும் ஒரு விரிசல் இல்லாம நிக்குது, அதுல பழைய டிபார்ட்மென்ட் (பஞ்ச சிக்கெடுத்து சீவுற பிரிவு) பேரு "கார்டிங்"னு தமிழ்ல கை எழுத்துல எழுதினது கூட அழியாம இருக்கு.

மத்தபடி கரண்ட் பிரச்சனையே இல்ல, மில்லோட பழைய எச்டி (ஹை டென்ஷன்) கனெக்‌ஷன், சொந்த ட்ரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர் எல்லாம் இருக்கு. நெட் ரெண்டு கம்பெனி லைன், ஒண்ணு போனா இன்னொண்ணு தானா எடுத்துக்கும். லேடீஸ் டாய்லெட் ஹாலுக்கு உள்ளயே, வெளிச்சமா, சுத்தமா இருக்கு, எங்க டீம் பொண்ணுங்க இந்த இடத்துக்கு சரின்னு சொன்னதுக்கு முதல் காரணமே அது தான். வீல்சேருக்கு சரிவுப் பாதை முன் வாசல்ல இருக்கு, கேண்டீனுக்கு இல்ல, மூணு படி ஏறணும், அத சீக்கிரம் சரி பண்ணணும். சீட்டுக்கு மாசம் 7,000 சொச்சம், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி, மீட்டிங் ரூம் கொஞ்ச நேரம் இலவசம், அதுக்கு மேல காசு. அவினாசி ரோட்டு ஏசி டவருங்களோட ஒப்பிட்டா எனக்கு நியாயமா தான் படுது. டிசைன் வேலை, ப்ரோகிராமிங், கணக்கு வேலை பண்றவங்க தாராளமா வரலாம். நாள் முழுக்க போன்ல பேசுற சேல்ஸ் டீம், கவுன்சிலிங், வக்கீல் ஆபீஸ் மாதிரி ரகசியம் காக்க வேண்டிய வேலைக்கு இப்போதைக்கு வேண்டாம்.

டே பாஸ் குடுக்குறாங்க, அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி வாங்கி ஒரு முழு நாள் உக்காந்து பாருங்க, கூட்டம் இல்லாத சனிக்கிழமை வராதீங்க, செவ்வாய் புதன்ல வாங்க, பதினோரு மணிக்கு எல்லாரும் போன் கால்ல இருக்குறப்ப நடு ஹால்ல உக்காருங்க, மத்தியானம் ரெண்டரைக்கு கண்ணாடிக்கு கீழ உக்காருங்க. வண்டிய பின் கேட் வழியா கொண்டு வாங்க, முன் கேட்டுல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ரோட்டுல ஏத்துறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும்.